வைப்பருக்குள் ஸ்டியரிங் ஆயில்: 1965 லிங்கனை மழைக்குத் தயார் செய்த கதை

நவம்பரில் என் 1965 லிங்கன் காரைக் கராஜுக்குள் ஏற்றி, போர்வை போட்டு மூடி, அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்திருந்தேன். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அறுபது வயதுத் தகரத்தை அதில் இறக்க மனசு வராது. மார்ச்சில் அட்டையை வெளியே இழுத்துப் பார்த்தால், முன் இருக்கைக்கு நேர் கீழே, நடுவாக, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை.

இது புதுக் கறை இல்லை. போன வருஷமும் இதே இடத்தில் இருந்தது. அப்போது ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்தவர் குனிந்து பார்த்து, விரலில் தொட்டு முகர்ந்து, "டிரான்ஸ்மிஷன்" என்று இரண்டு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். டிரான்ஸ்மிஷனின், அதாவது கியர்பாக்ஸின், அடித்தட்டில் இருக்கும் பேன் கேஸ்கட்டை மாற்றினார்கள், ஆயில் மாற்றினார்கள், பில் கொடுத்தார்கள். கறை மட்டும் போகவில்லை.

இதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்த வண்டியில் டிரான்ஸ்மிஷனுக்கு ஊற்றுவதும் ஏடிஎஃப் என்கிற சிவப்பு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான், பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுவதும் சிவப்பு ஏடிஎஃப்தான். கீழே சொட்டியதை வைத்து எது எதிலிருந்து வந்தது என்று மூக்கு சொல்லாது. அவருக்குத் தோன்றாமல் போனது ஒன்றுதான்: இந்த வண்டியில் கண்ணாடி துடைக்கும் வைப்பரும் அதே ஸ்டியரிங் ஆயிலில்தான் ஓடுகிறது.

இந்த வண்டி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு வைப்பருக்காக ஆறு வார இறுதிகளை ஏன் தொலைத்தேன் என்பது புரியாது. 1999-இல் வந்த 'தி மேட்ரிக்ஸ்' படம். ராத்திரி, கொட்டும் மழை, ஒரு பாலத்துக்கு அடியில் கதாநாயகன் நியோ காத்து நிற்கிறான். கறுப்பாக, நீளமாக ஒரு கார் வந்து நிற்கிறது. அதன் பின் கதவு வழக்கத்துக்கு மாறாகத் திறக்கும்: கீல் பின்பக்கம், கைப்பிடி முன்பக்கம். ஏறி உட்கார்ந்தால் முன் இருக்கையிலிருந்து ஒரு துப்பாக்கி நீள்கிறது. கடுப்பாகிக் கதவைத் திறந்து இறங்கப் பார்க்கிறான். திறந்த கதவுக்கு அப்பால் மழையில் நனைந்த இருட்டுத் தெரு. அந்தக் கார் 1965 லிங்கன் கான்டினென்டல். படத்தில் ஏதோ அமெரிக்க நகரம் போலத் தெரிந்தாலும் எடுத்தது ஆஸ்திரேலியாவின் சிட்னியில்.

கல்லூரி விடுதியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் வளைந்து வளைந்து தோட்டாவுக்குத் தப்புகிற காட்சியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கதவிலேயே நின்றுவிட்டேன். உலகமே கம்ப்யூட்டருக்குள் அடைபட்டுக் கிடக்கும் கதையில், அந்தக் காரில் ரேடியோவை விட்டால் எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்பது இருபது வருஷம் கழித்து, அதே போல ஒன்றை வாங்கிப் பிரித்தபோதுதான் தெரிந்தது. கதவுப் பூட்டு, எஞ்சின் உறிஞ்சும் வேக்குவத்தில் வேலை செய்கிறது. கியரைப் போட்டால் பார்க்கிங் பிரேக் தானாக விடுபடுகிறதே, அதுவும் வேக்குவம்தான். வைப்பர், ஆயில். பாதி கார் மெக்கானிக் வேலை என்றால் மீதிப் பாதி குழாய் ரிப்பேர்க்காரர் வேலை.

விற்றவர் 1964 மாடல் என்று சொல்லித்தான் விற்றார். முன் ஃபெண்டர் மூலையில் இண்டிகேட்டர் இருந்ததையும், கிரில் தட்டையாகப் படுக்கைக் கோடுகளோடு இருந்ததையும் பார்த்து, 65 என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். சக்கரத்தைக் கழற்றியதும் முன்னால் டிஸ்க் பிரேக். 65-இல்தான் அது வந்தது. 64-க்குப் படவுலகில் வேறு ஒரு கதி. அதே வருஷம் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'கோல்டுஃபிங்கர்'-இல் ஒரு 1964 கான்டினென்டலைப் பழைய இரும்புக் கடையில் போட்டு நசுக்கிக் கட்டியாக்கி, ஒரு சின்ன ஃபோர்டு பிக்கப்பின் முதுகில் இறக்கி வைப்பார்கள். இரண்டேகால் டன்னுக்கு மேல் எடையுள்ள கார், கதைப்படி உள்ளே தங்கம் வேறு. அந்தப் பிக்கப்பின் ஸ்பிரிங் பட்டைகளை நினைத்தால் பாவமாக இருக்கும். ஜாக்கியில் இந்த வண்டியை ஏற்றும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் காட்சிதான் ஞாபகம் வரும்.

நான் இருப்பது மிச்சிகனில் நோவை என்ற ஊரில். இந்தக் காரைச் செய்தது பக்கத்து ஊரான விக்ஸமில். லிங்கன் ஃபோர்டு கம்பெனியின் கார்தான்; 1957-இல் தொடங்கி 2007-இல் மூடிய ஃபோர்டு ஆலை அங்கே இருந்தது. கார் பிறந்த இடத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிஷத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதன் உதிரிபாகத்துக்கு ஊர் ஊராகப் போன் போடுகிறேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கராஜ் கதவு திறந்திருந்தால் காபிக் கோப்பையோடு வந்து நிற்பார். அறுபதுகளில் இந்த லிங்கன் எஞ்சின்கள் ஒவ்வொன்றையும் மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள், முடிந்த வண்டியைப் பன்னிரண்டு மைல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று அவர் சொன்னபோது கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். பிறகு பழைய விளம்பரங்களில் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. 24 மாதம், 24,000 மைல் வாரண்டி கொடுத்த தைரியம் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, வைப்பருக்கு வருகிறேன்.

இதற்கு முந்தைய காலத்து அமெரிக்க கார்கள் நிறைய வேக்குவம் வைப்பரோடு வந்தவை. எஞ்சின் உறிஞ்சும் காற்று வைப்பரை ஆட்டும். மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேக்குவம் குறையும், வைப்பர் படுத்துவிடும். அதாவது, எப்போது நன்றாகக் கண் தெரிய வேண்டுமோ அப்போது கண்ணாடி மூடிக்கொள்ளும். லிங்கன் ஆட்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பவர் ஸ்டியரிங் பம்ப் எஞ்சின் ஓடும்வரை ஆயிலைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஆயிலை ஸ்டியரிங் கியருக்குப் போகும் வழியில் வைப்பர் மோட்டார் வழியாகத் திருப்பிவிட்டார்கள். மோட்டார் என்று பேர்தானே ஒழிய உள்ளே செம்புக்கம்பியும் இல்லை, கார்பனும் இல்லை. ஆயில் அழுத்தம் உள்ளே ஒரு பாகத்தைத் தள்ளும், அது வைப்பர் கையை ஆட்டும். டாஷ்போர்டில் இருக்கும் குமிழைத் திருப்பினால் ஒரு கேபிள் போய் மோட்டாரின் வால்வைத் திறக்கும். கொஞ்சம் திறந்தால் மெதுவாக, நிறையத் திறந்தால் வேகமாக. நடுவில் எத்தனை வேகம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சத்தமே வராது. அது ஒன்றுக்காகவே எனக்குப் பிடிக்கும்.

பிரச்சினை, அந்த மோட்டார் இருக்கும் இடம். எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வாலை (எஞ்சினையும் ஆட்கள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகரச் சுவரை) ஒட்டி. அங்கே சீல் கசிந்தால் ஆயில் சுவரோடு வழிந்து கீழே இறங்கி டிரான்ஸ்மிஷன் மேல் விழும். அங்கிருந்து அடிப்பக்கம் வந்து சொட்டும். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு டிரான்ஸ்மிஷன் கசிவேதான்.

யூகத்தில் இன்னொரு கேஸ்கட் மாற்ற எனக்கு இஷ்டமில்லை. புற ஊதா விளக்கில் மின்னும் சாயம் ஒன்று கிடைக்கிறது, ஆயிலில் கலப்பது. அதை ஸ்டியரிங் ரிசர்வாயரில் மட்டும் ஊற்றினேன். டிரான்ஸ்மிஷனில் ஊற்றவில்லை. இங்கேதான் சூட்சுமம், இரண்டிலும் ஊற்றினால் எதுவும் தெரியாது. எஞ்சினின் பின்பக்கத்தையும் அடியையும் டிக்ரீசர் போட்டுக் கழுவிக் காயவிட்டு, இருபது நிமிஷம் தெருவைச் சுற்றி வந்து, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தேன். வைப்பர் மோட்டாரின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்திலிருந்து பச்சை மஞ்சளாக ஒரு கோடு. ஃபயர்வாலில் கோலம் போட்டதுபோல இறங்கி, டிரான்ஸ்மிஷனின் முன்பக்க உறையான பெல் ஹவுசிங்கின் தோளில் குளமாக நின்றது. மோட்டாருக்கு வரும் ஒரு ரப்பர் ஓஸின் கழுத்தும் லேசாக மின்னியது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். நான் இருட்டில் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன்.

"ஏங்க, மழையில எடுக்கவே எடுக்காத காருக்கு வைப்பர் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். வாங்கி இத்தனை வருஷத்தில் இதை ஒருமுறைகூட மழையில் ஓட்டியதில்லை. ஆனால் நான் இந்தக் காரை ஆசைப்பட்டதே மழையில் பார்த்துத்தான்.

கழற்றும் வேலை ஒரு சனிக்கிழமை முழுக்க எடுத்தது. முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தேன். ஏர் கிளீனரைத் தூக்கியதும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஏழு லிட்டர் எஞ்சின், 430 கன அங்குலம் என்று அவர்கள் கணக்கில் சொல்வது. அந்தப் பெரிய பானெட்டுக்குள்ளும் அது கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த ஆள் மாதிரி முழுசாக இடம் பிடித்திருக்கும். கை போவதற்குப் பின்னால் ஒரு சாண்தான். ஓஸ்களைக் கழற்றுவதற்கு முன் கீழே தட்டு வைத்தேன். அப்படியும் பாதி ஆயில் என் கைச்சட்டைக்குள் போனது. கழற்றிய ஒவ்வொரு குழாயின் வாயையும் பிளாஸ்டிக் மூடியால் அடைத்தேன். ஒரு மணல்துகள் உள்ளே போனாலும் அது நேராக ஸ்டியரிங் கியருக்குத்தான் போகும். வைப்பர் சரியாகி ஸ்டியரிங் போனால் அதைவிடக் கேவலம் கிடையாது.

கேபிளைக் கழற்றும் முன் அதன் உறையைப் பிடித்திருந்த கிளிப் எந்த இடத்தில் இருந்தது என்று பெயிண்ட் பேனாவால் கோடு போட்டேன். இந்தக் கோட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். வைப்பர் கைகளை இணைக்கும் லிங்க்கை மோட்டாரில் பிடித்திருந்த கிளிப், தொட்டதும் எகிறிக் குதித்து மறைந்தது. கராஜ் பூராவும் காந்தம் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து என் ஷூவுக்குள் இருந்தது.

மோட்டாரை மேசையில் வைத்துப் பிரித்தபோது உள்ளே ஒன்றும் உடையவில்லை. அதுதான் ஆச்சரியம். உலோகப் பாகங்கள் புத்தம் புதுசாக ஆயிலில் ஊறிப் பளபளவென்று இருந்தன. ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓரிங்குகள் மட்டும் செத்துப்போயிருந்தன. வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு சதுரமாகத் தட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. ஒன்றை வளைத்ததும் காய்ந்த கறிவேப்பிலைக் குச்சி மாதிரி ஒடிந்தது.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கராஜில் ஒரு டப்பா நிறைய ஓரிங் இருந்தது. வீட்டுக் குழாய்களுக்காக வாங்கியது, விதவிதமான அளவில். பழைய ஓரிங்குகளை வெர்னியரில் வைத்து அளந்து, கிட்டத்தட்டப் பொருந்தியவற்றைப் பொறுக்கிப் போட்டு மூடிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வைப்பர் ஓடியது. கசிவு இல்லை. நண்பர்களுக்கு வீடியோ எல்லாம் அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை குமிழைத் திருப்பினேன். வைப்பர் பாதிக் கண்ணாடி வரை வந்தது, யோசித்தது, அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினேன். நான் போட்ட ஓரிங்குகள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கி நின்றன. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் இபிடிஎம் என்று போட்டிருந்தது. தண்ணீருக்கு அது அருமையான ரப்பர். கிளைகால் வகை பிரேக் ஆயிலுக்கும் அதுதான் சரி. ஆனால் ஏடிஎஃப் மாதிரி பெட்ரோலிய ஆயிலில் போட்டால் அது ஆயிலைக் குடித்துக் குடித்து ஊதிவிடும். இங்கே தேவை நைட்ரைல் ரப்பர். நைட்ரைலைப் பிரேக் ஆயிலில் போட்டால் அதற்கும் ஆகாது. இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது. அந்தக் குழாய் டப்பாவை அன்றைக்கே கராஜிலிருந்து வீட்டுச் சமையலறை மேடைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன்.

இன்னொரு தப்பும் சேர்ந்தே இருந்தது. நசுங்கிப்போன பழைய ஓரிங்கை அளந்து புது அளவை முடிவு செய்தேன் அல்லவா? அறுபது வருஷம் நசுங்கிக் கிடந்தது தன் பழைய உருவத்தைச் சொல்லாது. அளக்க வேண்டியது அது உட்காரும் பள்ளத்தை. பள்ளத்தின் அகலம், ஆழம், ஷாஃப்டின் குறுக்களவு மூன்றையும் எடுத்துக்கொண்டு, ரப்பர் கொஞ்சம் அமுங்கி உட்காரும்படி குறுக்குவெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அசையாமல் இருக்கும் இடத்தில் கூடுதலாக அமுங்கலாம். ஷாஃப்ட் ஆடும் இடத்தில் குறைவாகத்தான் அமுங்க வேண்டும், இல்லாவிட்டால் உரசியே தேய்ந்துவிடும். இதற்கென்று அட்டவணைகள் இருக்கின்றன. ஒரு மாலை அதிலேயே போனது. ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் பள்ளத்தின் அளவைக் காகிதத்தில் வரைந்து நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் என் காகிதத்தைப் பார்த்துவிட்டு, எந்த மெஷினுக்கு என்று கேட்டார். கார் வைப்பருக்கு என்றதும் இன்னொருவரையும் கூப்பிட்டு என் முன்னாலேயே சிரித்தார்கள். மொத்தச் செலவு ஒரு நல்ல காபியின் விலை.

ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தில் நகம் லேசாகத் தடுக்கும் அளவுக்கு ஒரு வரி விழுந்திருந்தது. 1500 நம்பர், பிறகு 2000 நம்பர் உப்புத்தாளை ஆயிலில் நனைத்துத் தேய்த்தேன். ஷாஃப்டைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் இழுக்கக் கூடாது. நீளவாக்கில் கீறல் விழுந்தால் அது ஆயிலுக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. பாகங்களைக் கழுவியதும் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட்டேன். பனியன் துணியின் நூலும் வால்வுக்கு எதிரிதான். சேர்க்கும்போது ஒவ்வொரு ஓரிங்கையும் ஏடிஎஃப்பில் முக்கி, பள்ளத்தில் நிற்காத ஒன்றுக்கு மட்டும் துளி வாசலின் தொட்டு ஒட்டவைத்தேன். அது பின்னால் ஆயிலில் கரைந்துவிடும். ஷாஃப்ட் நுனியில் இருந்த பல்லின்மேல் செலோ டேப் சுற்றி, அதன்மேல் சீலை வழுக்கவிட்டு, பிறகு டேப்பை உரித்தேன். புதுச் சீல் அந்தப் பல்லில் கீறுப்பட்டால் இன்னொரு சனிக்கிழமை போகும். போதும் போதும் என்றிருந்தது.

மின்னிய அந்த ஓஸைப் பழையதிலேயே கிளாம்ப் போட்டு இறுக்கலாம் என்று ஒரு ஆசை வந்தது. செய்யவில்லை. இந்த மாதிரி ஸ்டியரிங் பம்புகள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது 1000 பிஎஸ்ஐ பக்கம் அழுத்தம் கொடுக்கும். தோட்டக் குழாய் கிளாம்ப் அதற்கு ஆகாது. இதே காரணத்துக்காக எஞ்சின் ஓடும்போது கசிவை விரலால் தடவியும் தேடக் கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலுக்குள்ளேயே போய்விடும். டிராக்டருக்கும் மண் அள்ளும் மெஷினுக்கும் ஓஸ் செய்து தரும் கடையில் பழைய உலோக முனைகளைக் கொடுத்தால் நடுவில் புது ரப்பரை வைத்து அழுத்திப் பிடித்துத் தருகிறார்கள். அரை மணி நேர வேலை. வைப்பர் என்று அங்கே நான் சொல்லவில்லை.

மாட்டியதும் ஆயில் நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் மதுரைக்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். முன் சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். நான் ரிசர்வாயரைப் பார்த்து நின்றேன். முட்டை முட்டையாகக் காற்று வந்தது. அளவு இறங்க இறங்க ஊற்றினேன். இருபது சுற்றுக்கு மேல் போனபோது தம்பி தோளைத் தடவிக்கொண்டே கேட்டான்:

"அண்ணே, இது காரா, செக்கா?"

பிறகு எஞ்சினைப் போட்டு ஐட்லிங்கில் விட்டோம். முதலில் பம்ப் முனகியது. ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் நுரைத்தது. உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். இந்த நேரத்தில் அவசரப்பட்டு எஞ்சினை உறுமவிட்டால் நுரை இன்னும் கூடும். அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காப்பி குடித்துவிட்டு வந்தோம். நுரை அடங்கியிருந்தது. இரண்டாம் முறை போட்டபோது சிவப்பாகத் தெளிந்தது. கண்ணாடியை நனைத்துவிட்டுக் குமிழைத் திருப்பினேன். வைப்பர் ஒருமுறை உதறியது, மோட்டாருக்குள் மிச்சமிருந்த காற்றைத் துப்பியது, அப்புறம் வழவழவென்று ஓடத் தொடங்கியது.

ஓடியது சரி, நிற்கவில்லை. குமிழை முழுசாக அணைத்தாலும் தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற கை மாதிரி மெதுவாக ஆடிக்கொண்டே இருந்தது. மோட்டாரில் ஏதோ தப்பாகச் சேர்த்துவிட்டேன் என்று நெஞ்சு திக்கென்றது. அப்புறம்தான் அந்தப் பெயிண்ட் கோடு ஞாபகம் வந்தது. கேபிள் உறையை அந்தக் கோட்டுக்கு ஒரு நெல் அளவு தள்ளிப் பிடித்திருந்தேன். அதனால் குமிழ் மூடினாலும் வால்வு முழுசாக மூடவில்லை. கிளிப்பைத் தளர்த்தி, கோட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். இரண்டு கைகளும் கண்ணாடியின் அடியில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டன. இதே வேலையைச் செய்யப்போகிறவர்கள் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

மழைக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் இரண்டு வாரம் ஒரு சொட்டு இல்லை. வழக்கமாக மழை வராதா என்று ஏங்குவது விவசாயிகள். நான் ஒரு காரை வைத்துக்கொண்டு ஏங்கினேன். வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, எட்டரை மணிக்கு. மனைவி ஒன்றும் கேட்கவில்லை, குடையை எடுத்துக்கொண்டு வந்து பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். முன்னால் இடம் இருக்கிறதே என்றேன். "பின் கதவுக்காகத்தானே வாங்குனீங்க" என்றாள்.

அந்தக் கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-இல் இந்த வடிவம் வரும்போது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 123 அங்குலம்தான். ஃபோர்டின் டிசைனர் எல்வுட் ஏங்கல் முதலில் தண்டர்பேர்டு காருக்காகப் போட்ட வடிவம் அது. ஃபோர்டின் மேலதிகாரி ராபர்ட் மெக்னமாரா பார்த்துவிட்டு, இதை நாலு கதவு லிங்கனாக்க முடியுமா என்று கேட்கப்போய் நீண்டது. பின் கதவை வழக்கம்போல மாட்டிப் பார்த்தால் இறங்குகிறவர்களின் கால் கதவில் இடித்ததாம். அதனால் கீலைப் பின்னால் கொண்டுபோனார்கள். 64-இல் மூன்று அங்குலம் கூட்டிப் பின்னால் காலுக்கு இடம் கொடுத்தார்கள், கதவை மாற்றவில்லை. சேலை கட்டிக்கொண்டு ஏற இதைவிட வசதியான கதவு எந்தக் காரிலும் இல்லை என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

விக்ஸம் வரை போய்த் திரும்பினோம், சுற்றி வளைத்துப் பன்னிரண்டு மைல். ஆலை இருந்த இடத்தில் இப்போது ஆலை இல்லை. மழை நன்றாகவே பெய்தது. நாற்பது மைல் வேகத்தில் வைப்பர் ஒரே தாளத்தில் ஓடியது, மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோதும் அதே தாளம். சிக்னலில் நின்று ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பிடித்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கியது. பம்பின் ஆயில் அந்த நேரம் ரிலீஃப் வால்வு வழியாகப் பின்வாசலில் போய்விடுகிறது. ஸ்டியரிங்கை விட்டதும் மறுபடி தாளம் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து காரைத் துடைத்து, புது அட்டை ஒன்றை அடியில் தள்ளிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அட்டையை இழுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் மழைத்தண்ணீர். நடுவில், பழைய இடத்துக்கு ஒரு ஜாண் பின்னால், மிளகு அளவில் ஒரே ஒரு சிவப்புச் சொட்டு.

புற ஊதா டார்ச்சை எடுத்துவந்து பிடித்தேன். மின்னவில்லை. சாயம் கலக்காத ஆயில். அப்படியே படுத்து அடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்: போன வருஷம் அந்தக் கடையில் மாற்றிய டிரான்ஸ்மிஷன் பேன் கேஸ்கட்டின் பின் மூலை ஈரமாக இருந்தது.